பழைய கல்லார்டோவைச் சிங்கப்பூரில் தினமும் ஓட்ட முடியுமா?

கேள்வி: என் மாமா பழைய லம்போர்கினி கல்லார்டோ ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறார். பொங்கோலிலிருந்து ஜூரோங்குக்குத் தினமும் அதில்தான் வேலைக்குப் போவாராம். நம் ஊர் மேடுபள்ளங்களை அந்த வண்டி தாங்குமா?

தாங்கும். மாமா பயப்பட வேண்டியது சாலைக்கு அல்ல, கார்ப்பேட்டைக்கு.

சின் மிங் பக்கம் ஒரு பட்டறையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். பழுது பார்த்த வண்டியை ஓட்டிப் பார்ப்பது, உரிமையாளர் வீட்டுக்குப் போய் எடுத்து வருவது, திரும்பக் கொண்டுபோய் விடுவது எல்லாம் என் பொறுப்பு. கல்லார்டோ, ஃபெராரி 430, ஹுராக்கான் எல்லாம் அப்படித்தான் கைக்கு வந்தன. முன் பம்பரின் அடி உரிந்து வந்த வண்டிகளில் பெரும்பாலானவை மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் அடிபட்டவை. விரைவுச்சாலையில் 90-ல் போகும்போது இந்த வண்டிகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. வீட்டு வாசலில்தான் ஆகிறது.

எனக்கே நடந்தது. ரிவர் வேலியில் ஒரு கூட்டுரிமை வீட்டின் நிலத்தடிப் பேட்டை. மழை விட்ட மாலை நேரம். தரை முடிந்து சரிவு தொடங்கும் விளிம்பில், எதிரே ஒரு வண்டி ஏறி வருவதைப் பார்த்து பிரேக்கை மிதித்தேன். அடியில் கரகரவென்று ஒரு சத்தம். இருக்கை வழியாக முதுகெலும்பில் ஏறியது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் பட்டறையில் மூத்த அண்ணன் ஒருவர் என்னைக் குந்தவைத்து வண்டியின் அடியைக் காட்டினார். “தம்பி, நீ மூக்க மட்டும் பாத்துருக்க. வயித்தயும் பாக்கணும். பிரேக்க மிதிச்சா மூக்கு இன்னும் குனியும். மேல நிக்கும்போதே வேகத்தக் கொறச்சிடு, விளிம்புல கால எடுத்துடு, வண்டி தானா உருளட்டும்.” எனக்குத் தெரிந்த பாதி வித்தை இதுதான். மீதிப் பாதி, சரிவில் நேராக இறங்காமல் சற்றுக் கோணலாக இறங்குவது. ஒரு சக்கரம் முதலில் இறங்கினால் பம்பரின் நடுப்பகுதி தரையைத் தொடாது. மூக்கை, அதாவது வண்டியின் முன்பக்கத்தை, தூக்கும் வசதி இருக்கிற வண்டியாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். கல்லார்டோவில் அது கூடுதல் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதாக இருந்தது, எல்லா வண்டியிலும் இருக்காது.

சாலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் தார் நல்ல தார்தான். ஆனால் விறைப்பான வண்டிக்கு நல்ல சாலையும் மேடுபள்ளமாகத்தான் தெரியும். 2008-ல் மரினா பேயில் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தபோது, நாம் தினமும் பேருந்தில் போகும் அதே ராஃபிள்ஸ் பொலிவார்டு குலுக்குகிறது என்று ஓட்டுநர்கள் முறையிட்டார்கள். கல்லார்டோவின் முன் டயர் 235/35: அகலம் 235 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 35 விழுக்காடு. அதாவது டயரின் பக்கச்சுவர் 82 மில்லிமீட்டர்தான். ஒரு கொரோல்லா ஆல்ட்டிஸின் 205/55 டயருக்கு அது கிட்டத்தட்ட 113. அந்த மூன்று சென்டிமீட்டர் ரப்பர் செய்ய வேண்டிய வேலை முழுவதும் ரிம்மின் தலையில் விழுகிறது. ஃபெராரி 2007-ல் 430 ஸ்குடேரியாவில், மோசமான சாலைக்கென்றே அதிர்வுதாங்கியை மட்டும் மென்மையாக்க ஒரு பொத்தான் வைத்தது. அந்தக் காலத்துக் கல்லார்டோவில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

எம்ஆர்டி வேலை நடக்கும் இடங்களில் சாலையில் பதித்திருக்கும் இரும்புத் தகடுகள் இன்னொரு எதிரி. காய்ந்திருந்தால் விளிம்பில் இடிக்கும். மழை பெய்தால் கண்ணாடிபோல் வழுக்கும். தகட்டின் மேல் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரையும் மிதிக்க வேண்டாம், ஸ்டியரிங்கையும் திருப்ப வேண்டாம். நேராகக் கடந்து போய்விட வேண்டும்.

மாமாவுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது கிளட்ச் பற்றி. பழைய கல்லார்டோக்களில் பல ‘இ-கியர்’ வண்டிகள். கிளட்ச் பெடல் இருக்காது, ஆனால் உள்ளே இருப்பது சாதாரண ஒற்றைக் கிளட்ச்தான். காலை எட்டு மணிக்குத் தீவு விரைவுச்சாலையில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் அது தேய்ந்துகொண்டே இருக்கும். முன்வண்டியோடு ஒட்டிப் போகாமல், நான்கைந்து வண்டி இடம் விழும்வரை நின்று, பிறகு ஒரே மூச்சில் நகர வேண்டும். பின்னால் ஹார்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும். சரிவில் ரிவர்ஸ் எடுப்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. பலமாடிக் கார்ப்பேட்டையில் கருகல் வாடை வந்துவிட்டால், கிளட்ச் அதற்குள் நிறையத் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நிறுத்துமிடத்தின் அகலம் 2.4 மீட்டர், வண்டி 1.9 மீட்டர். பக்கத்துக்கு 25 சென்டிமீட்டரில் கதவைத் திறந்து இறங்க முடியாது. அதனால் தூணோரமாக ஓர் இடத்தை இப்போதே பார்த்து வைக்கட்டும்.

கல்லார்டோ தயாரிப்பு 2013-லேயே நின்றுவிட்டது. எனவே மாமா பார்க்கும் வண்டி, பத்தாண்டு முடிந்து வாகன உரிமைச் சான்றிதழைப் (COE) புதுப்பித்த வண்டியாகத்தான் இருக்கும். வண்டியைக் கழிக்கும்போது, முதலில் பதிவுசெய்யக் கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்திலிருந்து எதுவும் திரும்ப வராது. 14 ஆண்டைத் தாண்டியதாக இருந்தால் சாலை வரியும் 50 விழுக்காடு கூடுதல். சான்றிதழுக்கு மட்டும் ஒரு லட்சம் வெள்ளி என்று வைத்துப் பத்தாண்டுக்குப் பிரித்தால், நிறுத்தி வைத்தாலும் நாளுக்கு 27 வெள்ளி போய்க்கொண்டே இருக்கும். அதனால் ஓட்ட வேண்டும் என்பதில் நான் மாமா பக்கம். நிறுத்தியே வைத்த வண்டிகள் பேட்டரி செத்து, டயர் ஒரு பக்கம் தட்டையாகி, ரப்பர் சீல்கள் காய்ந்து எங்களிடம் வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் வெள்ளிக்கிழமை தவறாமல் தன் கல்லார்டோவைச் சிலோன் சாலை செண்பக விநாயகர் கோயிலுக்கு ஓட்டிப் போவார். முதல் பூசைக்கு நானும் போயிருந்தேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க ஐயர் முன்னாலிருந்து கையை விட்டார், பம்பர் தடுத்தது. பக்கவாட்டில் போய் மண்டியிட்டு, ஒவ்வொரு பழமாக விரலால் தள்ளி வைத்தார். நான் வேலை பார்த்த காலம் முழுக்க அந்த வண்டியின் அடியில் ஒரு கீறல் கிடையாது. தெரியாத இடம் எதுவானாலும் அவர் முதலில் இறங்கி நடந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை விடுவார்.

அதனால் முன்பணம் கொடுக்கும் முன்பே, விற்பவரையே வண்டியை உங்கள் புளோக் கார்ப்பேட்டைக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். மாமா ஓட்ட வேண்டாம், விற்பவரே ஓட்டட்டும். மூக்கைத் தூக்காமல் மெதுவாக ஏறி இறங்கட்டும். நீங்கள் சரிவின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து வயிற்றைப் பாருங்கள். ஜூரோங்கில் மாமா நிறுத்தப்போகும் இடத்திலும் இதையே ஒருமுறை செய்யுங்கள்.