புதிய பூச்சியினம் ஒன்றைப் படம் எடுத்திருக்கிறேன். அதற்கு நானே பெயர் வைக்க முடியுமா?

முடியும். ஆனால் படத்தை மட்டும் வைத்து நடக்காது. நீங்களும் என்னைப் போல வரப்பில் போனில் எடுத்து, எதோடும் ஒத்துப்போகவில்லை என்றதும் தூக்கம் கெட்டுக் கிடப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எனக்குக் கிடைத்தது ஒரு தத்துப்பூச்சி. அம்பாசமுத்திரம் பக்கம், எங்கள் வயல் வேலியில். 4 மில்லிமீட்டர் இருக்கும். நெற்பயிரில் துங்ரோ என்ற வைரஸ் நோயைப் பரப்புகிற பச்சைத் தத்துப்பூச்சி எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இது வேறு, மங்கல் பழுப்பு, தலையில் இரண்டு புள்ளி. பின்னங்காலில் வரிசையாக முள் இருந்ததால் தத்துப்பூச்சிக் குடும்பம் என்பது மட்டும் உறுதி.

பூச்சியியல் ஆசிரியர் ஒருவரிடம் கொண்டுபோனேன். லென்ஸில் பார்த்துவிட்டு, “இது பெண். ஆண் கொண்டு வாங்க தம்பி” என்றார். இந்தக் குடும்பத்தில் பல இனங்கள் வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஆணின் இனப்பெருக்க உறுப்புதான் பிரித்துக் காட்டும்.

ஒரு வருஷம் காத்திருந்தேன். அடுத்த ஐப்பசியில், மழை விட்ட இரவுகளில், அதே வேலியில் அப்பாவின் வேட்டியைக் கட்டி விளக்குப் போட்டேன். “எய்யா, தத்துப்பூச்சிக்கா பேரு வைக்கப் போற?” என்று கேட்ட அம்மாதான் டார்ச் பிடித்தாள். மூன்று ஆண்கள் வந்தன. வயிற்றுப் பகுதியைக் கழற்றி 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டால் சதை கரைந்து கூடு மட்டும் தெளிவாக நிற்கும். கிளிசரின் சொட்டில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். உறுப்பின் நுனி இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை மட்டும் உள்ளே வளைந்திருந்தது. 1908இல் டிஸ்டன்ட் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் விவரித்தவை முதல் கைக்குக் கிடைத்த எல்லா விவரிப்போடும் ஆசிரியரும் நானும் ஒப்பிட்டோம். அந்த வளைவு எதிலும் இல்லை.

பூச்சியைக் கொல்லத்தான் வேண்டுமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் எடுத்தது மொத்தம் நான்கு, அதுவும் சொந்த நிலத்தில். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் வலையே எடுக்கக் கூடாது. ஆனால் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று இந்த வருஷம் ஒரே பகலில் வேலியை மெஷின் விட்டு வழித்தார்கள், இரண்டு மருத மரத்தோடு. அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே எத்தனை ஆயிரம் பூச்சி போயிருக்கும்? அதை யாரும் கேட்பதில்லை.

சரி, பெயருக்கு வருகிறேன். மூல மாதிரியை, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமாக நிற்கும் பூச்சியை, அருங்காட்சியகம் போல எவரும் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் ஒப்படைத்து, விவரிப்பை ஆய்விதழில் வெளியிட வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் இதழானால் விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான சூபேங்கில் (ZooBank) பதிவும் வேண்டும். உங்கள் பெயரையே சூட்ட விதி தடுக்கவில்லை, ஆனால் அது வழக்கமில்லை. நான் தாமிரபரணியின் பெயரைத் தேர்ந்திருக்கிறேன். கட்டுரை இன்னும் வெளிவராததால் முழுப்பெயரை இங்கே எழுதவில்லை.

நீங்கள் முதலில் படம் எடுத்த அதே இடத்துக்குப் போய் ஆண் கிடைக்கிறதா பாருங்கள்.