மெட்டல் டிடெக்டர் வாங்கணும்னு ஆசையா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, மல்லாட்டை புடுங்கின நிலத்துல காணாம போன ஒரு தாலி குண்டை டிடெக்டர் வெச்சு தேடிக் குடுத்த கதைய எழுதியிருந்தேன், அதுக்கப்புறம் வந்த கடுதாசிங்கள்ல பாதி அதப் பத்திதான். எல்லாத்துக்கும் இடமில்ல, அடிக்கடி வந்த கேள்விங்களுக்கு மட்டும் இங்க பதில்.

அண்ணா, நான் காலேஜ் ரெண்டாவது வருஷம். வெளிநாட்டுல காசு தேடி எடுக்கற வீடியோ பாத்து ஆசையா இருக்கு. எந்த மெஷின் வாங்கலாம், அது எப்படி வேலை செய்யுது? (காட்பாடி)

மொதல்ல வேலை செய்யறது எப்படின்னு சொல்றேன் தம்பி, அது புரிஞ்சாதான் எத வாங்கணும்னு தெரியும். கீழ தட்டு மாதிரி இருக்கே, அதுக்குள்ள ரெண்டு காயில் சுத்தியிருக்கும். ஒண்ணுல ஓடற கரண்ட் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவ திசை மாறும், அதனால மண்ணுக்குள்ள காந்தப்புலம் ஏறி இறங்கும், கீழ உலோகம் இருந்தா அதுக்குள்ளயும் சுழல் சுழலா கரண்ட் கிளம்பி அது தனியா ஒரு சின்ன காந்தப்புலத்த திருப்பி அனுப்பும். ரெண்டாவது காயில் அதத்தான் புடிக்குது. திரும்பி வர்றது கொஞ்சம் லேட்டாதான் வரும், அந்த லேட் இரும்புக்கு ஒரு மாதிரி, வெள்ளிக்கு ஒரு மாதிரி, அத வெச்சுதான் திரையில நம்பர் காட்டுது. ஒரு ரூபா சைஸ் காசுன்னா ஆறேழு இன்ச் ஆழம், நல்ல மண்ணுல இன்னும் கொஞ்சம், அவ்ளோதான். பத்தடி ஆழத்துல தங்கம் காட்டும்னு யாராவது வித்தா வாங்காத.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு காரெட் ஏஸ், நோக்டா சிம்ப்ளெக்ஸ், மைன்லேப் வான்குவிஷ் இந்த மாதிரி வரிசையில ஒண்ணு போதும். கல்யாண மண்டப வாசல்ல செக்யூரிட்டி கையில வெச்சிருப்பாரே அந்த குச்சி மண்ணுக்கு ஆகாது. நான் மொதல்ல ஒரு கடையில விலை கம்மின்னு பேர் தெரியாத மெஷின் ஒண்ணு வாங்கி ஆறு மாசம் வீணாக்கினேன், கல்லுக்கும் கத்தும், மண்ணுக்கும் கத்தும், மோதிரத்துக்கு மட்டும் கத்தாது.

வாங்கினதும் வெளிய கிளம்பிடாத. வீட்டு தோட்டத்துல ஒரு லாட ஆணி, ஒரு அஞ்சு ரூபா, ஒரு குவார்ட்டர் பாட்டில் மூடி, அம்மாகிட்ட கேட்டு ஒரு மோதிரம், நாலையும் தள்ளித் தள்ளி பொதைச்சு மேல குச்சி நட்டு வை, பத்து நாள் தினமும் அது மேல ஆட்டிப் பாத்து காதுக்கு பழக்கு. அலுமினிய மூடியும் தங்க மோதிரமும் கிட்டத்தட்ட ஒரே நம்பர்ல வரும், அதனால மூடி சத்தம்னு விட்டா மோதிரமும் போச்சு. இன்னொண்ணு, இப்ப இருக்கற ஒரு ரூபா ரெண்டு ரூபாயெல்லாம் காந்தத்துல ஒட்டற ஸ்டீல், பல மெஷின்ல நம்பர் ஒரு இடத்துல நிக்காம இரும்புக்கும் காசுக்கும் நடுவுல தாவிக்கிட்டே இருக்கும். சந்தேகமா வர்ற சத்தத்தையெல்லாம் தோண்டு, மொத நூறு குழி பாடம்தான்.

எங்க சொந்த நிலத்துல தேடலாம்னு இருக்கோம். எப்ப தேடினா நல்லது, என்ன கெடைக்கும்? (கே.வி.குப்பம்)

சொந்த நிலம்னா அதுதான் சரியான ஆரம்பம். சித்திரை வெயில்ல நம்மூரு மண்ணு பாறையா இருக்கும், களக்கொத்து கூட இறங்காது. மழை பேஞ்சு ஈரம் நின்ன ஐப்பசி கார்த்திகையில, பயிர் இல்லாத துண்டுல தேடுங்க, ஈர மண்ணுல சத்தமும் நல்லா வரும்.

கெடைக்கறதுல பத்துக்கு எட்டு இரும்புதான், மாட்டு லாடம், லாட ஆணி, ஒடஞ்ச கொழு, மம்மட்டி துண்டு. எனக்கு எங்க மச்சான் நிலத்துல வரப்ப ஒட்டி ஒரே இடத்துல பதினோரு லாட ஆணி வந்துச்சு, அவங்க அப்பாகிட்ட காட்டினதும் பட்டுனு சொன்னாரு, அங்க ஒரு புளியமரம் இருந்ததாம், லாடம் கட்டறவரு வந்தா மாட்ட அங்கதான் சாய்ப்பாங்களாம். மரம் போயி முப்பது வருஷம், ஆணி மட்டும் அங்கயே கெடந்திருக்கு. எனக்கு இந்த பைத்தியம் முழுசா புடிச்சது அன்னிக்குதான்.

காசுன்னு பாத்தா அலுமினியத்துல வளைவு வளைவா இருக்கற பத்து பைசா, ஆறு மூலை இருபது பைசா, அதிர்ஷ்டம் இருந்தா 1943ல இருந்து 1947 வரைக்கும் அடிச்ச நடுவுல ஓட்டை போட்ட காலணா. ஒரு விஷயம் யோசிச்சுக்கோங்க, நம்ம பக்கம் காலங்காலமா ஏரி வண்டல வெட்டி நிலத்துல கொட்டறாங்க, அதனால உங்க நிலத்துல கெடைக்கற காசு உங்க நிலத்துல விழுந்த காசாவே இருக்கணும்னு இல்ல, ஏரிக்கரையில யாரோ தொலைச்சது வண்டியில ஏறி வந்திருக்கலாம். போர் மோட்டார், ஈபி லைன் பக்கம் மெஷின் சும்மாவே கத்தும், சென்சிடிவிட்டி செட்டிங்க கொறைச்சுக்கோங்க. தோண்டின குழிய மூடாம போகாதீங்க, மாடு கால் வெச்சா ஒடஞ்சிடும்.

சார், வேலூர் கோட்டை அகழி ஓரம், ஆற்காடு பக்கம் பாலாறு, இங்கெல்லாம் நவாப் காசு கெடைக்கும்னு சொல்றாங்களே, போலாமா? (ஆற்காடு)

கோட்டைக்கு வேணாம் சார், கைகூப்பி கேட்டுக்கறேன். அது மத்திய தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு, சுத்தி 100 மீட்டர் தடை செஞ்ச பகுதி, அதுக்கு மேல 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. மகேந்திரவாடி குடைவரைக் கோயில் மாதிரி பாதுகாக்கப்பட்ட இடம் எதுவா இருந்தாலும் இதே சட்டம்தான். சட்டத்த விடுங்க, 1806 ஜூலை 10ஆம் தேதி சிப்பாய்ங்க வெள்ளைக்காரங்கள எதிர்த்து எழுந்த எடம் சார் அது. அந்த மண்ணுல ஒரு குண்டு கெடந்தா அது எந்த மூலையில, எவ்ளோ ஆழத்துல, எது பக்கத்துல கெடந்துச்சுங்கறதுதான் சேதி, நாம நோண்டி பாக்கெட்ல போட்டா அது வெறும் ஈய உருண்டை. செங்கம் பக்கம் ஆண்டிப்பட்டியில சேந்தன்ங்கற பேர் பொறிச்ச பழங்காலத்து ஈயக் காசுங்க கெடைச்சதே, பழைய இரும்புக் கடையில போட்டிருந்தா எடைக்குத்தான் போயிருக்கும், எழுத்த படிச்சதாலதான் ஒரு தலைவனோட பேர் நமக்கு தெரிஞ்சது.

பாலாறு புறம்போக்கு, அனுமதி இல்லாம தோண்டக் கூடாது. தோல் தொழிற்சாலை கழிவு கலந்த இடத்து மண்ணுல குரோமியம் இருக்கும், அதுல கைய வைக்காதீங்க. ஆத்து மணல்ல ஒரு காந்தத்த கயித்துல கட்டி இழுத்துப் பாருங்க, கருப்பா மீசை மாதிரி ஒட்டிக்கிட்டு வரும், அந்த கருமணல்தான் மெஷின குழப்பறது. மண்ணுக்கு ஏத்த மாதிரி கிரவுண்ட் பேலன்ஸ் பண்ணணும்னு, அதாவது மண்ணு குடுக்கற சத்தத்த மெஷின் ஒதுக்கற மாதிரி செட் பண்ணணும்னு சொல்றது இதுக்குத்தான்.

நிஜமாவே பழைய காசு கெடைச்சா யாருக்கு சொந்தம்? (வாலாஜா)

1878ஆம் வருஷத்து புதையல் சட்டம் இன்னும் இருக்கு. மண்ணுல மறைஞ்சு கெடந்தது பத்து ரூபா மதிப்புக்கு மேல போனாலே கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும், என்ன, எவ்ளோ, எங்க, எந்த தேதின்னு. மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், பங்கும் போயிடும். ஒழுங்கா சொல்லி, உரிமை கேட்டு யாரும் வராம போய், நிலத்துக்காரரோட தனி ஒப்பந்தமும் இல்லன்னா கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்கு கால் பங்கு. அரசாங்கமே எடுத்துக்கிட்டா உலோக மதிப்பும், அதுக்கு மேல அதுல அஞ்சுல ஒரு பங்கும் சேத்துக் குடுக்கணும். நூறு வருஷம் தாண்டின பொருளுக்கு 1972 தொல்பொருள் சட்டமும் வரும், லைசென்ஸ் இல்லாம அந்த வியாபாரம் பண்ண முடியாது. காச புளி போட்டு தேய்க்காதீங்க, அப்படியே காகிதத்துல மடிச்சு, தோண்டின இடத்த போட்டோ எடுத்து வைங்க.

எங்க சொந்தக்காரர் ஒருத்தர் அரிசிய இழுக்கற ரைஸ் புல்லர் கலசம் இருக்கு, அதுல இரிடியம் இருக்கு, பணம் போட்டா கோடி வரும்ங்கறார். டிடெக்டர் வெச்சு செக் பண்ண முடியுமா? (ஆம்பூர்)

செக்கே வேணாம்மா, பணத்த வெளிய எடுக்காதீங்க. இரிடியம்ங்கறது ரொம்ப கனமான ஒரு உலோகம், அவ்ளோதான், அது அரிசிய இழுக்காது, எந்த உலோகமும் இழுக்காது. அரிசியில இரும்புத் தூள் பூசி செம்புக்குள்ள காந்தத்த ஒளிச்சு வெச்சு காட்டறாங்க. உங்க வீட்டு அரிசிய எடுத்துட்டுப் போய் போடறேன்னு சொல்லுங்க, அன்னிக்கு நாள் சரியில்லம்பாங்க. ரெண்டு கம்பிய கையில புடிச்சு தூரத்துல இருக்கற தங்கத்த காட்டறேன்னு வர்றவங்களும் இதே கூட்டம்தான். இதுல வீட்ட வித்தவங்கள நான் நேர்ல பாத்திருக்கேன், தயவு செஞ்சு உங்க வீட்டுக்காரர்கிட்ட இந்த பக்கத்த படிக்கக் குடுங்க.

கெங்கையம்மன் சிரசு திருவிழா கூட்டத்துல எங்க பொண்ணு கொலுசு ஆத்து மணல்ல விழுந்துடுச்சு. கெடைக்குமா? (குடியாத்தம்)

கெடைக்க வாய்ப்பு இருக்கும்மா. கொலுசு சங்கிலிங்கறதால ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியா சின்ன சத்தம்தான் குடுக்கும், மெஷின் பெரும்பாலும் புடிக்கறது கொக்கிய, அதனால கம்மியா கத்தினாலும் விடக் கூடாது. தட்ட மணலுக்கு ஒரு இன்ச் மேல, தரைக்கு சமமா, மெதுவா ஆட்டணும், மேல தூக்கி ஊஞ்சல் மாதிரி ஆட்டினா போச்சு. பொண்ணு எங்க நின்னா, எந்த பக்கமா நடந்தான்னு ஞாபகம் இருக்கறப்பவே நாலு மூலைக்கும் கல்லு வெச்சு அடையாளம் பண்ணிடுங்க, ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள தேடிடணும். ஊர்ல பெரியவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க. இன்னொரு கால் கொலுசையும் பத்திரமா வைங்க, மொதல்ல மெஷின்ல அதோட சத்தத்த கேட்டு காது பழகினா தேடறது சுலபம். ஆபீஸுக்கு ஒரு கார்டு போடுங்க, வர்ற ஞாயித்துக்கிழமை காலையில வெயில் ஏறதுக்குள்ள நானே மெஷின எடுத்துட்டு வரேன்.