கொரோனா காலத்தில் அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களைச் சங்கத்திடம் பேசாமலே வகுப்புக்குக் கூப்பிட முடியுமா?

அது மாநிலத்தைப் பொறுத்தது. 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் தனியார் துறைக்குத்தான். மாநில, உள்ளாட்சி ஊழியர்கள் அதற்குள் வரமாட்டார்கள், அதனால் சங்கம் வழியாக நிர்வாகத்தோடு பேரம் பேச அரசுப் பள்ளி ஆசிரியருக்கு உள்ள உரிமையை அந்தந்த மாநிலச் சட்டம்தான் முடிவு செய்கிறது.

கலிஃபோர்னியாவில் 1975இல் வந்த சட்டப்படி, பள்ளியைத் திறப்பதா மூடுவதா என்பதை நிர்வாகமே முடிவு செய்ய இடம் இருந்தாலும், அதனால் வேலை நேரத்திலும் பாதுகாப்பிலும் வரும் மாற்றங்களைச் சங்கத்தோடு பேசித்தான் ஆக வேண்டும். பலர் தவறவிடும் இடம் இதுதான். முகக்கவசம் யார் தருவது, ஜன்னல் திறக்காத வகுப்பறையில் காற்று வடிகட்டி உண்டா, இணையவழி வகுப்பு தினமும் எத்தனை மணி நேரம்... உயிர் சம்பந்தப்பட்ட கேள்விகள் இவை, ஆசிரியர்கள் இவற்றைக் கேட்டதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் ஒதுக்கியது நியாயமே இல்லை.

அப்புறம் வேலைநிறுத்தம். நியூயார்க்கில் அரசு ஊழியர்களுக்கான டெய்லர் சட்டம் அதைத் தடை செய்கிறது. ஒரு நாள் இறங்கினால் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பார்கள். சிகாகோவில் 2022 ஜனவரியில் ஆசிரியர்கள் இணையவழியில் மட்டும் பாடம் நடத்துவோம் என்று வாக்களித்தார்கள், நிர்வாகம் ஐந்து நாள் வகுப்புகளையே ரத்து செய்தது. கடைசியில், எத்தனை பேர் வராவிட்டால் ஒரு பள்ளி இணையவழிக்கு மாறும் என்ற வரம்பு ஒப்பந்தத்தில் ஏறியது.