"அவர் எழுதியிருக்கிறார்" என்றே சொல்லிப் பழகிவிட்டேன்

ஆலோசகர் அவர்களுக்கு,

பெயர் வேண்டாம். வயது 69, ஊர் தேவகோட்டைப் பக்கம். கணவர் தவறி ஒன்றரை வருடமாகிறது. மூத்தவன் சிங்கப்பூரில், இளையவன் சென்னையில் இருக்கிறார்கள். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடு; முற்றத்தைச் சுற்றிய வளவில் எங்கள் புள்ளிக்கு, அதாவது எங்கள் குடும்பத்துக்கு, இரண்டு அறைகள். மற்ற அறைகள் முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் திறக்கும்.

சென்ற வாரம் இளையவன், என் சார்பில் அவனே கையெழுத்துப் போட அதிகாரம் தரும் ஒரு பவர் பத்திரத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். "ஆத்தா, இந்த வயதில் உனக்கு எதற்குத் தொல்லை? கையெழுத்துப் போட்டுவிட்டுச் சென்னைக்கு வந்துவிடு" என்கிறான். எட்டாவது மாடியில் வீடு. கையெழுத்துப் போட மனமில்லை, மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

கணவர் பினாங்கில் வேலையிலிருந்த காலமெல்லாம் பிள்ளைகள் படிப்பு, வட்டிக் கணக்கு, மகள் கல்யாணத்துக்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் என் பொறுப்புதான். யாராவது கேட்டால், "அவர் இப்படித்தான் செய்யச் சொல்லி எழுதியிருக்கிறார்" என்பேன். அவர் எழுதியதெல்லாம் "உன் இஷ்டப்படி செய்" என்பதுதான். இப்போது ஒரு குக்கர் வாங்கப் போனாலும் மூன்று லிட்டரா ஐந்து லிட்டரா என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்பி வருகிறேன்.

போன மாதம் வங்கியில் என் டெபாசிட்டைப் புதுப்பிக்கப் போனோம். "அம்மாவுக்கு எந்தத் திட்டத்தில் போடலாம்?" என்று அதிகாரி என் மகனைக் கேட்டார். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். என் கொழுந்தனாருக்கு 76 வயது, காது சுத்தமாகக் கேட்காது. வீட்டு மராமத்துக்கு அவர் கையெழுத்துதான் செல்லும். கணக்கைக் கூட்டிக் கொடுப்பவள் நான்.

என் தாயாருக்குக் கடைசிக் காலத்தில் நினைவு தப்பியது. எனக்கும் அது தொடங்கிவிட்டதா? விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் இந்த நினைப்புதான்.

அன்புள்ள ஆச்சி,

மறதி பற்றிய பயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கடிதத்தை வைத்து யாரும் நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் பழகிய தெருவில் வழி தவறுவது, சற்று முன் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, கைவந்த கணக்கு குழம்புவது போன்றவைதான் கவலைக்குரியவை. நீங்களோ மராமத்துக் கணக்கைக் கூட்டிக் கொடுக்கிறீர்கள். என் சந்தேகம் வேறு இடத்தில் இருக்கிறது. நேரங்கெட்ட விழிப்பும், சின்னச் சின்ன விஷயத்திலும் முடிவெடுக்க முடியாமல் போவதும் மனச்சோர்வின் அறிகுறிகளாக இருக்கலாம். துணையை இழந்தவர்களுக்கு அது வருவதுண்டு. சிகிச்சையில் தீரவும் செய்யும். ஒரு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள், இவையும் மனதை மந்தமாக்கும். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வயது ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட மாட்டேன். புதிய தகவலை வேகமாகக் கையாளும் திறன் குறையத்தான் செய்யும். அனுபவத்தில் சேர்ந்த அறிவு அவ்வளவு சீக்கிரம் தேய்வதில்லை. எனவே அவசரப்படுத்தினால் வயதானவர்கள் தடுமாறுகிறார்கள், நேரம் கொடுத்தால் சமாளித்துவிடுகிறார்கள். பெரும்பாலான முதியவர்களுக்கு மனம் தெளிவாக இருப்பது காலையில்தான். முக்கியமான காகிதத்தை மாலையில் கையில் எடுக்காதீர்கள். இன்னொன்று, வயது ஏற ஏற மனம் நல்லதில் அதிகம் தங்கும், கசப்பானதைத் தாண்டிப் போகும் என்று லாரா கார்ஸ்டென்சன் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நிம்மதிக்கு அது நல்லது, பத்திரம் படிக்க ஆகாது. வேண்டாத ஷரத்து எது என்று தேடித் தேடிப் படியுங்கள்.

ஆனால் குக்கர் கடையில் உங்களை நிறுத்தியது வயது மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. நீங்கள் வாழ்நாள் முழுக்க முடிவெடுத்தவர். அவற்றில் ஒன்றுகூட உங்கள் பெயரில் வெளியே போகவில்லை. "அவர் எழுதியிருக்கிறார்" என்ற ஒரு சொல் உங்களைப் பங்காளிகளிடமிருந்தும் உறவுக்காரர்களிடமிருந்தும் காப்பாற்றியது. தவறினாலும் பழி உங்கள் மேல் விழாது. கணவரோடு அந்த மறைப்பும் போய்விட்டது. இப்போது ஐந்து லிட்டர் வாங்கி அது பெரிதாகப் போனால், வாங்கியவர் நீங்கள்தான். 69 வயதில் முதன்முறையாக இது நேரும்போது கால் பின்வாங்குவதில் வியப்பில்லை.

கொழுந்தனாருக்கு இந்தச் சிக்கல் இல்லை. காது கேட்காதது அவருக்குக் காது கேட்காததாக மட்டுமே இருக்கிறது. மனைவியை இழந்த ஆணிடம், "சாப்பாட்டுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கிறோம். கணவரை இழந்த பெண்ணிடம், "கணக்கு வழக்கை யார் பார்ப்பார்கள்?" என்று கேட்கிறோம். இரண்டும் அக்கறைதான். அவருக்கு ஒரு சமையல்காரர் வந்தால் போதும். உங்களிடம் பேனாவையே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். (அந்த வங்கி அதிகாரியின் மேல் எனக்கு உங்களைவிட அதிகமாகவே கோபம் வருகிறது. அடுத்த முறை மகனை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே போங்கள்.)

இது தன்மானத்தோடு நிற்கும் விஷயமில்லை, உடல்நலத்தையும் தொடும். எலன் லேங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நடத்தி 1976-இல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், "உங்கள் அறை, உங்கள் நேரம், உங்கள் பொறுப்பு" என்ற தோரணையில் பேசி, ஆளுக்கொரு செடியைக் கொடுத்து அவர்களையே வளர்க்கச் சொன்னார்கள். இன்னொரு தளத்தில், "எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் செவிலியரே செய்தார்கள். சில வாரங்களில் முதல் தளத்தார் அதிகச் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள். உங்கள் இளைய மகன் உங்களை வைக்க நினைப்பது அந்த இரண்டாவது தளத்தில். அன்பால்தான் என்றே வைத்துக்கொள்வோம்.

பவர் கொடுப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. வரி கட்டுவது போன்ற குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் கொடுக்கலாம். விற்கும் அதிகாரம் அதில் இருக்கத் தேவையில்லை. உங்கள் வழக்கறிஞரை நீங்களே தேர்ந்தெடுத்து, வரிவரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நாளைக்குச் செட்டில்மென்ட், அதாவது சொத்தை இப்போதே பிள்ளைகள் பேருக்கு எழுதிக் கொடுப்பது, என்ற பேச்சு வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். உயிலை உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம், செட்டில்மென்டை அப்படி மாற்ற முடியாது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால், அது மீறப்படும்போது 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி ரத்துக் கேட்க வழி இருக்கிறது.

மகனிடம் "மாட்டேன்" என்று சொல்ல வாய் வராவிட்டால், "தை வரைக்கும் பொறு, படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். சென்னையையும் பத்திரத்தையும் ஒரே முடிச்சாகப் போட்டது அவர். நீங்கள் பிரித்துவிடலாம். பத்திரம் அப்படியே இருக்க, ஒரு மாதம் போய்த் தங்கிப் பாருங்கள். எட்டாவது மாடி பிடித்தும் போகலாம்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் மகளைப் பற்றி இருப்பதெல்லாம் கட்டிக் கொடுத்த ஊரும் கல்யாணச் செலவும்தான். அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருக்கமாட்டீர்கள் என்று தோன்றுகிறது. கணவர் உயில் எழுதாமல் போயிருந்தால், அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் உங்களுக்கும் மகன்களுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. இது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். வழக்கறிஞரிடம் போகும் நாளைக் கோயம்புத்தூருக்கும் சொல்லி அனுப்புங்கள்.