திரும்பி வராத நோயாளிகள்

அன்புள்ள ஐயா,

எம்.பி.பி.எஸ். முடித்து மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறேன். மருத்துவ ஆராய்ச்சியாளன் ஆக ஆசை. எம்.டி. படிப்பதா, வெளிநாட்டில் பிஎச்.டி. செய்வதா? இங்கே ஆய்வுக்கூட வசதி இல்லை. கண்ணாடிவிரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலர் பல மாதங்கள் கழித்துச் சிறுநீரகக் கோளாறோடு வருகிறார்கள். அதைக்கூட யாரும் ஆராய்வதில்லை. வீட்டில் கல்விக் கடன் வேறு. வழி சொல்லுங்கள்.

ஓர் இளம் மருத்துவர்

அன்புள்ள தம்பி,

யாரும் ஆராய்வதில்லை என்று யாரைக் குறை சொல்கிறீர்கள்? அந்த வார்டில் நிற்பவர் நீங்கள்தானே? நல்ல கேள்வி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பிஎச்.டி.க்கு வழி கேட்கிறீர்கள்.

வசதியைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை. 1959இல் கல்கத்தாவில் சம்பு நாத் தே என்ற மருத்துவ ஆய்வாளர் முயலின் குடலை வைத்தே, காலராக் கிருமி ஒரு நஞ்சை உண்டாக்குகிறது என்று நிரூபித்தார். அந்த அளவு வசதி போதும்.

சிலர் வருகிறார்கள் என்றால், எத்தனை பேரில்? வராதவர்கள் நலமாக இருக்கிறார்களா, இறந்துவிட்டார்களா? நான் முதுநிலை மாணவனாக இருந்தபோது எங்கள் வார்டு சீஃப், வீடு திரும்பும் ஒவ்வொருவரிடமும் முகவரி எழுதிய அஞ்சலட்டை கொடுத்தனுப்பச் சொல்வார். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பிடித்து எழுதிப் போடுவார்கள். வந்த அட்டைகளைக் கூட்டி, இத்தனை பேர் நலம் என்று பெருமையாகக் காட்டினால், "எழுதாதவன் என்ன ஆனான்?" என்பார். பஸ் ஏறிப் போய் விசாரித்து வர வேண்டும். சில வீடுகளில் மாலை போட்ட படம் இருக்கும். எங்கள் கணக்கே மாறிவிடும்.

1956இல் சென்னையில் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் நம் மருத்துவர்களும் தொடங்கிய காசநோய் ஆய்வின் உயிரும் இதில்தான் இருந்தது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மற்றவர்களுக்கு நெரிசலான அவர்கள் வீடுகளிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். குடும்பத்தாரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாத வீட்டிலும் ஏறக்குறைய அதே அளவு குணம் கிடைத்தது. வீட்டாருக்குத் தொற்று அதிகமாகவும் இல்லை. 1959 முதல் வெளிவந்த அந்த முடிவுகள்தான் சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்ததில் பெரும்பங்கு வகித்தன. மருந்தை விட்டவர்களையும் காணாமல்போனவர்களையும் தேடாமல் கணக்குப் போட்டிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்?

நம் எம்.டி. படிப்பில் ஆய்வேடு கட்டாயம். தலைப்பை வழிகாட்டி கொடுக்க, எண்களைக் கடைசி மாதங்களில் நிரப்பி, பைண்டு செய்து அலமாரியில் வைத்துவிடுகிற ஆய்வேடுகள் எத்தனை! அதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரே ஒரு நோயாளிக் கூட்டத்தை இரண்டு வருடம் விடாமல் பின்தொடர வைத்தால் அந்தப் பிள்ளைகள் தாமாகவே ஆராய்ச்சியாளர்கள் ஆகிவிடுவார்கள்.

கடனை நினைத்துக் கலங்காதீர்கள். அதை அடைக்கச் சில ஆண்டுகள் சம்பள வேலையில் இருப்பது குறைவல்ல. அம்மா அப்பாவையும் வருத்த வேண்டாம். பட்டத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில், நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். கிடைத்ததும், வீடு திரும்பும் ஒவ்வொரு பாம்புக்கடி நோயாளியின் சம்மதத்தையும் வாங்கி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தக் கிரியாட்டினின் அளவோடு உறவினர் ஒருவரின் கைபேசி எண்ணையும் குறித்துவையுங்கள். படிவம் நிரப்பத் தெரியவில்லையென்றால் எனக்கு எழுதுங்கள். உட்கார்ந்து சேர்ந்து நிரப்பலாம்.