வயதான பெற்றோருடன் நான்கு நாள் விசாகப்பட்டினம்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

சென்னையிலிருந்து அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு நான்கு நாள் விசாகப்பட்டினம் போகிறோம், அம்மாவுக்கு முழங்கால் வலி, எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் என் பெற்றோருடன் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை செய்த தவறுகளை இரண்டாம் முறை செய்யவில்லை என்பதுதான் பதில் சொல்ல எனக்கிருக்கும் தகுதி.

தவறுகளில் பெரியது, அரக்குப் பள்ளத்தாக்கை ஒரே நாளில் போய்வந்தது. விசாகப்பட்டினத்திலிருந்து சுமார் 115 கி.மீ. தான். ஆனால் கிழக்குத் தொடர்ச்சி மலையின் வளைவுகள் வரைபடத்தில் யார் வயிற்றையும் பிரட்டுவதில்லை. விடுதியில் ஏற்பாடு செய்துகொடுத்த வேனில் விடியற்காலை ஏறினோம். ஒரு தோட்டம், ஒரு அருங்காட்சியகம், நடுவில் நான்கைந்து கடைகள் என்று இறக்கி இறக்கி ஏற்றினார்கள். போரா குகை வாசலில் ஓட்டுநர் நாற்பது நிமிடம் கொடுத்தார். அம்மா பாதிப் படிகள் இறங்குவதற்குள் அது தீர்ந்துவிட்டது. இரவு பத்தரை மணிக்கு அறைக்குத் திரும்பியதும் அப்பா, "இன்றைக்கு என்ன பார்த்தோம்?" என்று கேட்டார். கேலிக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

ஆகவே நான்கு நாளில் இரண்டை மலைக்கு ஒதுக்குங்கள். போகும்போது ரயிலில் போங்கள். விசாகப்பட்டினத்திலிருந்து சத்தீஸ்கரின் கிரந்துல் செல்லும் ரயில் காலையில் கிளம்புகிறது. பைலாடிலா சுரங்கத்தின் இரும்புத் தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதற்காக 1960களில் போட்ட பாதை இது. வழியில் 58 சுரங்கப்பாதைகள் என்கிறார்கள். அப்பா விரல்விட்டு எண்ணத் தொடங்கி, இருபதைத் தாண்டியதும் தூங்கிப்போனார். கண்ணாடிக் கூரையும் சுழலும் நாற்காலியும் கொண்ட விஸ்டாடோம் பெட்டிக்கு முன்பதிவு சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம், சாதாரணப் பெட்டியின் ஜன்னலில் மலைக்காற்றாவது முகத்தில் அடிக்கும்.

போரா குகாலு நிலையத்தில் இறங்கிவிடுங்கள். அரக்குவரை போய்விட்டுத் திரும்பி வருவது வீண் அலைச்சல். குகை பெரியது, வாயில் ஒரு கோயில் மண்டபம்போல் உயர்ந்து நிற்கும், உள்ளே இறங்க நிறையப் படிகள். உங்கள் அம்மாவால் முழுவதும் இறங்க முடியாவிட்டாலும் முதல் கூடம்வரை வந்தால் போதும், பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது. கூரையிலிருந்து சொட்டும் நீர் கரைத்துக் கொண்டுவரும் சுண்ணாம்பு படிந்து படிந்துதான் இந்தத் தூண்கள் உருவாகியிருக்கின்றன. வண்ண விளக்குகள் போட்டு அவற்றைக் கொஞ்சம் கெடுத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம், என் அம்மாவுக்கு அவையும் பிடித்திருந்தன. குகையைக் கண்டுபிடித்ததற்கு ஒரு கதை சொல்கிறார்கள்: மேயப் போன பசு ஒன்று மேலிருக்கும் துளை வழியாக உள்ளே விழுந்ததாம். தேடி வந்த மேய்ப்பன் குகையைக் கண்டானாம், உள்ளே ஒரு லிங்கத்தையும் கண்டானாம். குகையில் ஓடும் ஆற்றுக்குக் கோஸ்தனி என்று பெயர். கோ என்றால் பசு, ஸ்தனம் என்றால் மடி. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன். வெளியே குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டத்துடன் நடக்காதீர்கள்.

வாசலில் மூங்கில் குழாய்க்குள் மசாலா தடவிய கோழியை அடைத்துத் தணலில் சுட்டுத் தருவார்கள். எண்ணெய் சேர்ப்பதில்லை. உங்கள் வீட்டில் அசைவம் உண்டென்றால் விடாதீர்கள். அங்கிருந்து அரக்குக்கு வாடகை வண்டியில் போகும் சாலை அனந்தகிரி காப்பித் தோட்டங்களின் நடுவே ஏறும். நிழல் மரங்களில் மிளகுக்கொடி சுற்றியிருக்கும். வழிக் கடையில் காப்பி குடித்த அப்பா, "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் காப்பி மாதிரி இல்லை" என்றார். ஐம்பது வருடம் சிக்கரி கலந்து குடித்த நாக்கு வேறென்ன சொல்லும்! அரக்குவில் ஓர் இரவு தங்குங்கள். நவம்பர், டிசம்பரில் போனால் பேய் எள்ளு வயல்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும், ஸ்வெட்டரும் தேவைப்படும். அங்கே பழங்குடியினர் அருங்காட்சியகம் ஒன்றைப் பார்த்தால் போதும். மற்ற நேரத்துக்கு விடுதித் திண்ணையில் உட்கார்ந்திருங்கள்.

இனி ஊர். ராமகிருஷ்ணா கடற்கரையில் குளிக்க இறங்க வேண்டாம், அங்கே இழுப்பு அதிகம். மாலையில் போய் உட்காரலாம். கரையிலேயே குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. 1969இல் கடற்படையில் சேர்ந்து 2001வரை பணியாற்றியது, 2002 முதல் அருங்காட்சியகம். சுமார் 91 மீட்டர் நீளம், ஆனால் உள்ளே நடப்பதற்கு ஒரு ஆள் அகலம்தான். ஓய்வுபெற்ற கடற்படையினரே சுற்றிக்காட்டி விளக்குகிறார்கள். அறைக்கு அறை குனிந்து காலைத் தூக்கிவைத்துத்தான் தாண்ட வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது ஆகாது. என் அம்மா வெளியே பொரியில் கலந்து தரும் முறி மிக்சர் பொட்டலத்துடன் உட்கார்ந்துகொண்டார். அப்பா குனிய மறந்து நெற்றியில் வாங்கிக்கொண்டு, அதை மறைத்தபடியே வெளியே வந்தார். திங்கட்கிழமை விடுமுறை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். எதிரே இருக்கும் போர்விமான அருங்காட்சியகத்தையும் அதே மாலையில் முடித்துவிடலாம். கைலாசகிரி குன்றுக்கு ரோப் காரில் போனால் கடற்கரை வளைந்து போவது தெரியும். அதற்குமேல் அங்கே வேலையில்லை, நேரம் குறைந்தால் முதலில் இதை வெட்டுங்கள்.

சிம்மாசலம் மலைக்கோயிலை மட்டும் விடாதீர்கள். வராக நரசிம்மர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் மறைந்திருப்பார், பார்த்தால் லிங்கம்போலத் தோன்றும். அட்சய திருதியை அன்று மட்டுமே நிஜ உருவ தரிசனம். அன்றைய கூட்டத்தில் பெற்றோரைக் கொண்டுபோய் நிறுத்துவது பாவம், வேறு நாளில் போங்கள். கோயில் கல்வெட்டுகளில் பழமையானது முதலாம் குலோத்துங்க சோழன் காலத்தது, பதினோராம் நூற்றாண்டின் கடைசி. கலிங்கத்துக்குப் படை போன கதையைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்களுக்கு அந்த மண்டபத்தில் நிற்பது ஒரு தனி அனுபவம். மலையடிவாரத்தில் அன்னாசிப் பழம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி நாளைப் பீமிலி என்கிற பீமுனிப்பட்டினத்துக்கு வையுங்கள். வடக்கே கடலை ஒட்டியே சாலை. வழியில் ருஷிகொண்டாவில் கால் நனைக்கலாம். அடுத்து தொட்லகொண்டா. கடற்படை 1976இல் வானிலிருந்து நில ஆய்வு செய்தபோது வெளிப்பட்ட பௌத்த மடம் அது. பாறையில் வெட்டிய தண்ணீர்த் தொட்டிகள்தான் பெயருக்குக் காரணம். நம் தொட்டிதான் அங்கே தொட்டி. ஈராயிரம் ஆண்டுக்கு முன் துறவிகள் தேர்ந்தெடுத்த இடத்திலிருந்து கடலைப் பார்த்தால், அவர்களுக்கு ரசனை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பீமிலியில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகள் இருக்கின்றன, ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். நான் அங்கே போகச் சொல்வது முகத்துவாரத்துக்காக. போரா குகைக்குள் ஓடிய அதே கோஸ்தனி இங்கேதான் கடலில் கலக்கிறது. அம்மாவிடம் சொன்னபோது முதலில் நம்பவில்லை, பிறகு குனிந்து ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். பக்கத்தில் படகிலிருந்து மீன் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நம் வஞ்சிரத்தை அங்கே வஞ்சரம் என்கிறார்கள். அதைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஆறு, குகை எல்லாம் மறந்துவிட்டது. அறையில் ஒரு அடுப்பு இல்லாமல் போயிற்றே என்று சென்னை வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.