அடுக்கு யாகிக்குக் கேபிள் வெட்டுவது எப்படி?

கேள்வி: 145 மெகாஹெர்ட்ஸில் 50 ஓம் யாகி (ஒரே திசையை நோக்கும் பல கம்பி ஆன்டெனா) இரண்டை 3 மீட்டர் இடைவெளியில் மேலும் கீழுமாக ஏற்றியிருக்கிறேன். ரேடியோவுக்குப் போகும் ஒரே ஃபீடர் கேபிளில் எப்படிச் சேர்ப்பது?

பதில்: அப்படியே சேர்த்தால் 25 ஓம் ஆகிவிடும். ஒவ்வொரு ஆன்டெனாவிலிருந்தும் 75 ஓம் கேபிளில் கால் அலை நீளம் கொண்டுவாருங்கள். 75ஐ 75ஆல் பெருக்கி 50ஆல் வகுத்தால் 112.5. கேபிளின் இந்தப் பக்கம் அத்தனை ஓம் தெரியும். இரண்டும் டி கனெக்டரில் சேர்ந்தால் 56 ஓம், பொருத்தத்தைச் சொல்லும் எஸ்.டபிள்யூ.ஆர். (1 என்றால் முழுப் பொருத்தம்) 1.1 பக்கம் நிற்கும்.

காற்றில் கால் அலை 51.7 செ.மீ. கெட்டி பாலித்தீன் கேபிளில் அலை மெதுவாகப் போவதால் அதை 0.66ஆல் பெருக்க வேண்டும்: 34 செ.மீ. ஒவ்வொரு கேபிளும் நடுவரை 150 செ.மீ. வர வேண்டும், உங்கள் இடைவெளிக்கு இது எட்டவே எட்டாது. ஆனால் கால் அலையின் ஒற்றைப்படை மடங்கு எதுவும் இதே வேலையைச் செய்யும். மூன்று மடங்கு 102, அதுவும் போதாது. ஐந்து மடங்கு, 171 செ.மீ., வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அந்த 0.66ஐ நம்பி வெட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம், அளந்து வெட்டுங்கள். நுரை கேபிளில் இது 0.80க்கு மேல் போகும். ஒரே ரகத்திலும் சுருளுக்குச் சுருள் கொஞ்சம் மாறும். சற்று நீளமாக வெட்டி, ஒரு முனையை நானோவிஎன்ஏவில் (ஆன்டெனா, கேபிள் அளக்கும் சிறு கருவி) மாட்டி, மறுமுனையைத் திறந்தே விடுங்கள். நீளம் சரியாக இருந்தால் 145இல் ஷார்ட் ஆனது போலக் காட்டும். 171 செ.மீ. துண்டு 29லும் 87லும்கூட அப்படிக் காட்டும், மூன்றாவதைத்தான் பார்க்க வேண்டும். அது 143இல் இருந்தால் இன்னும் 2.4 செ.மீ. மிச்சம் என்று அர்த்தம். கடைசி ஒரு சென்டிமீட்டரை மில்லிமீட்டர் கணக்கில் நறுக்குங்கள். கனெக்டரின் நீளமும் இதில் சேர்த்தி.

கேள்வி: இரண்டு கேபிளுக்கும் 1 செ.மீ. வித்தியாசம் வந்துவிட்டது. பரவாயில்லையா?

பதில்: 145இல் அது 2.6 டிகிரிதான், விட்டுவிடுங்கள். 432இல் 8 டிகிரி ஆகும். அங்கே நான் புதிதாக வெட்டுவேன்.

கேள்வி: அடுக்கிய பிறகு நேர் முன்னால் சிக்னலே இல்லை!

பதில்: கேபிளை விடுங்கள், காமா மேட்ச்சை (கேபிளை ஆன்டெனாவோடு பொருத்தும் பக்கக் கம்பி) பாருங்கள். ஒன்றில் இடப்பக்கமும் மற்றதில் வலப்பக்கமும் இருந்தால் இரண்டும் 180 டிகிரி எதிரெதிராகி, முன்னால் ஒன்றையொன்று அழித்துவிடும். எனக்கும் இது நடந்திருக்கிறது. இரண்டு மாலை கேபிளையே திரும்பத் திரும்ப அளந்தேன். கம்பத்தில் ஏறிப் பார்த்தபோது மேல் யாகியின் காமா கம்பி மறுபக்கம் இருந்தது. ஒரு கேபிளில் 68 செ.மீ., அதாவது அரை அலை, கூட்டினாலும் சரியாகும். ஆனாலும் யாகியைத் திருப்பி மாட்டுவதே நல்லது.

கேள்வி: செயற்கைக்கோளுக்காகக் குறுக்கு யாகி (ஒரே தண்டில் செங்குத்தாகக் குறுக்கிடும் இரண்டு யாகி) வைத்திருக்கிறேன். வட்டத் துருவத்துக்கு (அலையின் திசை சுழன்றபடி போவது) கேபிளில் எவ்வளவு கூட்ட வேண்டும்?

பதில்: கேபிள் சேரும் கம்பிகளான இரண்டு டிரிவன் எலிமென்ட்டும் பூமில் (நடுத் தண்டில்) ஒரே இடத்தில் இருந்தால், ஒன்றுக்கு மட்டும் கால் அலை கூடுதல். அந்தத் துண்டு 50 ஓம் கேபிளாக, ஆன்டெனா பக்கம் இருக்கட்டும். அதையும் 75 ஓமில் போட்டால் அந்தக் கிளை திரும்ப 50 ஓமாகி, பவர் சமமாகப் பிரியாது.